மறுபடியும் ஒரு பரீட்சை

என் பெறாமகள் மூன்று ஆண்டுகள் தாதிப் பயிற்சி பெற்று, மன்னாரில் நோயாளரைப் பராமரித்து வந்தவள். இங்கிலாந்தில் பணியாற்ற விரும்பி, மீண்டும் புத்தகமும் கையுமாக அமர்ந்தாள். “இத்தனை காலம் ஊசி போட்ட கைக்கு இனியும் ஒரு பரீட்சையா?” என்று என் தாயார் நொந்துகொண்டார்.

அயல்நாடுகளில் பயின்ற தாதியரைப் பிரித்தானியத் தாதியர், மருத்துவமாதர் சபை 2014 முதல் இருவகையாகச் சோதிக்கிறது: முதலில் கணினியில் அறிவுப் பரீட்சை, பின்னர் செய்முறைப் பரீட்சை. செய்முறையிலே, மருந்து கொடுக்குமுன் கை கழுவவேண்டும்; நோயாளியின் பெயர், பிறந்த திகதி, ஒவ்வாமை ஆகியவற்றைக் கேட்டறியவேண்டும்.

பேசாலைக் கிழவரையும் தாழ்வுபாட்டுத் தாயையும் முகம் பார்த்தே அறிந்தவளுக்கு, கடல் கடந்தபின் எல்லோரும் அந்நியரல்லவா? பரீட்சை அவளது அனுபவத்தை இகழவில்லை. அறிமுகமற்றவர் நடுவிலும் அக்கை தவறாதிருக்குமா என்றே வினவுகிறது. படுக்கையில் கிடப்பவர் நம் தாயாராயின், அவ்வினாவை நாமும் கேட்கமாட்டோமா?