அசஹானில் ஒரு துருப்பிடிச்ச இரும்பு

அசஹான். செம்பனை ஓரம்.
மழையில மண் அரிச்சு, துருப்பிடிச்ச இரும்பு ஒண்ணு தலை நீட்டுது.

போன் எடுத்துக் குனிஞ்சேன்.
"தொடாதடா, குண்டா இருக்கும்!"ன்னார் சித்தப்பா.
லெடாங் மலை ஏறுற வீரன் நான்... அவருக்கு முன்னாடியே ரோட்டுல நிக்கிறேன் 😅

சுங்கை ஊடாங் தெரெண்டாக் முகாம் தெரியும்ல?
1960கள்ல பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்து படைங்க இருந்த இடம்.
அவங்க சுட்டுப் பழகினது இந்த அசஹான்லதான்.
தோட்டத்து ஆளுங்க காலையில பெரட்டுக்கு நிக்கும்போதே டமார்னு கேக்குமாம். தண்டல் சத்தம் அதுக்கும் மேலயாம்!

1970 வாக்குல அவங்க கிளம்பிட்டாங்க.
ஆனா அவங்க சுட்டு வெடிக்காமப் போன குண்டு, வயசானாலும் சாதுவாகாது. துரு ஏறினா இன்னும் மோசம்.
தொடாம 999 கூப்பிட்டோம்.

உங்க தோட்டத்துலயும் இப்படி ஏதாச்சும் கிடைச்சிருக்கா?