டிரையர் சூடும் கன்வேயர் மூடியும்

திங்கள்

இறம்பொடையில் காலையிலிருந்து விடாத தூறல். எங்கள் ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, வந்த கொழுந்தெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாட்டும் தொட்டிகளில் காற்றின் ஈரத்தைப் பார்க்க இரட்டை வெப்பமானி தொங்குகிறது. ஈரக்குமிழின் திரி காய்ந்துபோய் இரண்டும் ஒரே அளவைக் காட்டின. திரியை மாற்றினேன்.

புதன்

டிரையரிலிருந்து வெளியேறும் காற்று 55 பாகையை ஒட்டி இருக்கவேண்டும். மீட்டரோ 46இலேயே நின்றது. அடுப்பில் விறகு ஏறிக்கொண்டே இருந்தது. டீமேக்கர் ஐயா தூளை உள்ளங்கையில் வாங்கி முகர்ந்தார். "தம்பி, மீட்டரு பொய் சொல்லுது. தூளு கருகுது."

சென்சரை உருவினேன். உறை முழுக்கத் தேயிலைத் தூசி, ஈரத்தோடு இறுகிப் பஞ்சுத் திரிபோல் சுற்றியிருந்தது. சுரண்டித் துடைத்து மாட்டியதும் முள் ஏறிவிட்டது.

வியாழன்

பியகமவில் தகடு அழுத்தும் ஆலையொன்றில் சென்சர் வேலை பார்க்கும் மச்சான் போனில் பேசினான். அங்கே அச்சுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் வரிசையாக ஓடுமாம். விரல் ஒரு கதிரை மறைத்தாலும் பிரஸ் இறங்காது. "ஒங்க ஸ்டோர்ல கைக்கு என்ன காவல் இருக்கு?" என்றான்.

அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. சூட்டைப் பார்க்க அடுப்பிலும் டிரையரிலும் சென்சர் வைத்திருக்கிறோம். கலர் சார்ட்டர் சின்னக் காம்பையும் கேமராவில் கண்டு காற்றால் ஊதித் தள்ளுகிறது. ரோலருக்குக் கீழே ஓடும் கன்வேயரில் மனிதக் கை போனால் கண்டுகொள்ள எதுவும் இல்லை.

ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்று 1942இன் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது. எங்கள் கன்வேயருக்கும் மூடி இருக்கிறது. ஈர இலை அடைத்தால் அதைக் கழற்றிவிட்டு, பெல்ட் ஓட ஓடவே கையால் தள்ளுகிறார்கள். அவர்களை ஏசுவதில் நியாயமே இல்லை. உருட்டிய இலை புளிக்கத் தொடங்கிவிட்டால் யாருக்காகவும் நிற்காது. நேரம் தவறினால் அன்றைய தேயிலை கெட்டது. "மெஷின நிப்பாட்டினா யாரு தம்பி பதில் சொல்றது?" என்று ரோலர் அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

சனி

கன்வேயருக்கு ஒரு வழி யோசித்தேன்: மூடியில் காந்தம், சட்டத்தில் சுவிட்ச். மூடி பொருந்தியிருக்கும்வரைதான் மோட்டார் ரிலேக்கு மின்சாரம் போகும். திறந்தால் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும். மூடியதும் தானாக ஓடவும் கூடாது, பொத்தானை அழுத்தித்தான் ஓட்டவேண்டும். சாதாரண லிமிட் சுவிட்ச் வேண்டாம். அவசரத்தில் கம்பியால் கட்டிவிடுவார்கள்.

இது மட்டும் போதாது. இலை அடைக்கும் மூலையில் தகட்டைச் சரிவாக்கவேண்டும். அடைப்பே குறைந்தால் மூடியை யார் கழற்றப்போகிறார்கள்?

வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "கொழுந்து இல்லாத நாளாப் பாத்து ஒன்ன மாட்டுங்க" என்றார் டீமேக்கர் ஐயா. ரெண்டு கன்வேயருக்கும் வேண்டும் என்றேன். யோசித்து, ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை கண்டிக்குப் போகும் லொறியில் சாமான் எடுக்கப் போகிறேன். தகட்டு வேலையை ஃபிட்டர் அண்ணன் நாளைக்கே தொடங்குகிறார்.