மை ஊறும் நேரம்

விளாங்குடிக் கண்மாய்க் கரையில் ஊமத்தையும் கோவைக்கொடியும் மண்டிக் கிடந்த காலம் அது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்காது. கரைக்கு ஓடிப்போய்ப் பாவாடை மடி நிறைய இலை பறித்து வருவோம். ஊமத்தையைத் தொட்ட கையை வாய்க்குக் கொண்டுபோகக் கூடாது என்று டீச்சர் வாசலிலேயே நின்று எச்சரிப்பார். இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசிவிட்டு வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமை காலையில் பலகை கன்னங்கரேலென்று நிற்கும். அதில் சாக்பீஸ் விழும் முதல் கோட்டைப் பார்ப்பதற்காகவே நான் சீக்கிரம் போவேன். கோவை இலை சிலேட்டுக்கு. எச்சில் தொட்டு அழிக்கிறவர்களை எங்களுக்குப் பிடிக்காது. சரஸ்வதி கோவித்துக்கொள்வாள் என்று முழுமனதாக நம்பினோம். இலையைக் கசக்கித் தேய்த்து, சிலேட்டைக் காற்றில் ஆட்டி, அது காயும்வரை காக்காவைக் கூப்பிட்டுப் பாடி, அப்புறம்தான் குச்சியைக் கையில் எடுப்போம்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே கதைதான், இன்னும் விரிவாக. அப்பாவின் அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஓட்டு வீடு, வாசலின் இரண்டு பக்கமும் திண்ணை. விளாங்குடி அப்போது தனி ஊர். மதுரை மாநகராட்சிக்குள் அது சேர்ந்தது 2011-ல். ஐயாவை எழுத்தாளர் என்று யாரும் சொன்னதில்லை, அவர் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆனால் ஊரில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் அவர் எழுதியது. முளைப்பாரியைச் சுற்றிப் பெண்கள் கொட்டும் கும்மிக்குப் புதுப் பாட்டு அவர் கட்டியது. பட்டா மாறவில்லை, பென்ஷன் நின்றுபோய்விட்டது என்று கலெக்டர் ஆபீசுக்குப் போகும் மனு அவர் கைப்பட எழுதியது. துக்க வீட்டுக்கு இரங்கற்பாவும் அவர்தான். பரவையிலிருந்தும் சமயநல்லூரிலிருந்தும்கூட ஆள் தேடி வரும்.

விடியுமுன் மில் சங்கு ஊதும்போது ஐயா குளித்து முடித்திருப்பார். கிணற்றுத் தண்ணீரில் தலைமுழுக்கு, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு செம்பு நீராகாரம். கிழக்குத் திண்ணையில் கோரைப்பாய் விரித்து, கணக்குப்பிள்ளைகள் வைத்திருப்பது மாதிரியான சாய்வு மேசையைத் தானே துடைத்துப் போடுவார். மை என் பொறுப்பு. மை வில்லையை முந்தின ராத்திரியே சுடுதண்ணீரில் ஊறப்போட வேண்டும். காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் புட்டியில் ஊற்ற வேண்டும். சரியாக ஊறாத மையை ஊற்றினால் பேனாவின் நாக்கில் கசடு அடைத்து, பாதி வரியில் எழுத்து நின்றுவிடும். "மை ஊறணும் தாயி, மனசும் ஊறணும். ரெண்டும் சேந்து ஊறட்டும்" என்பார். பிரில் மையும் செல்பார்க் மையும் கடையில் கிடைத்தன, அப்பா வாங்கியும் கொடுத்தார். ஐயா அவற்றை மனுக்களுக்கு வைத்துக்கொண்டார். பாட்டு எழுத வில்லை மைதான்.

அப்புறம் பேனா. கழுத்தைத் திருகிக் கழற்றி, கட்டையைக் கழுவி, நிப்பையும் நாக்கையும் பிரித்து வெந்நீரில் போடுவார். நிப்பின் பிளவுக்குள் பாதி பிளேடை நுழைத்து ஒரே ஒரு தடவை இழுப்பார். இரண்டாவது தடவை இழுத்தால் நிப் வாய் பிளந்துவிடும். பில்லரால் மை விடும்போது ஒரு சொட்டும் சிந்தாது. கழுத்தில் கசிகிற மையைத் துடைக்க என் தலையைக் கிட்டே இழுத்துக்கொள்வார். அந்த மை வாசனை பிடித்த முடியோடு பள்ளிக்கூடம் போவதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. முதலில் எழுதிப் பார்க்கத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம். நல்ல பிரதிக்கு மட்டும் முழுத்தாள். அதைப் பள்ளி திறக்கும் சமயத்தில் புது மண்டபத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் வாங்குவார். திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் கல் மண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே புத்தகக் கடைகளும் தையல் மிஷின்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. தாளை வாங்கியதும் ஐயா மோந்து பார்ப்பார். விரலால் தடவி, மை ஊறிப் பரவுமா பரவாதா என்று அங்கேயே சொல்லிவிடுவார்.

தாளின் இடது ஓரத்தை ஒரு விரல்கடை மடித்து, மடிப்பை நகத்தால் நீவுவார். மேலே நடுவில் பிள்ளையார் சுழி. ஓலையும் எழுத்தாணியும் பதமாக இருக்கின்றனவா என்று அந்தக் காலத்தில் சுழித்துப் பார்த்தார்கள், அதுதான் சுழியாக நிலைத்தது என்பது ஐயாவின் விளக்கம். அது சரியோ தப்போ, சுழியின் வால் எப்படி ஓடுகிறது என்பதை வைத்தே அன்றைக்கு மையும் கையும் இணக்கமா என்று அவர் கண்டுகொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். வால் தடுக்கினால் அந்தத் தாளை ஒதுக்கிவிடுவார். எங்கள் வகுப்பில் தாளின் உச்சியைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடலாம். எனக்குச் சுழி. பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குச் சின்னச் சிலுவை. அடுத்த பெஞ்சுக்காரி 786 எழுதுவாள். கறுப்புச் சட்டைக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி எதுவும் போடமாட்டாள். ஆனால் பேனாவைக் கீழே வைத்து, கை விரல்களைச் சொடுக்கு எடுத்துவிட்டுத்தான் தொடங்குவாள். அரசுத் தேர்வில் விடைத்தாளில் எந்த அடையாளமும் போடக்கூடாது என்று சொன்னபோது நாங்கள் எல்லோருமே தவித்துப் போனோம். கடைசியில் பெஞ்சின் மேல் விரலால் கண்ணுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டோம்.

இவ்வளவும் முடிந்ததும் ஐயா எழுத உட்கார்ந்துவிடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? மாட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடப்பார். நானும் பின்னாலேயே போவேன். அப்போது அவரோடு பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டுச் சீர் எண்ணுவார். உதடு அசையும், சத்தம் வராது. சில இடங்களில் நின்றுவிடுவார். நாரை பறந்து போவதைப் பார்ப்பது போலிருக்கும், ஆனால் நாரை போன பிறகும் அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்தால் அப்பத்தா, "வெயில் ஏறிப்போச்சு, கல்யாண வீட்டுக்காரவுக ரெண்டு தரம் வந்துட்டுப் போயிட்டாக. இன்னும் ஒரு எழுத்து எழுதல" என்று முனகுவார். ஐயா ஒன்றும் சொல்லாமல் வாய் கொப்பளித்துவிட்டு உட்காருவார். கூடல்நகர்ப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்கும். அடுத்த ரயில் வருவதற்குள் வாழ்த்துப்பா முழுவதும் தாளில் இருக்கும். அடித்தல் ஒன்றோ இரண்டோ.

எப்படி என்று கேட்டால் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் கதையைச் சொல்லுவார். சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கியபோது ஐயாவும் சிறு பையன். தன் வயதுப் பிள்ளைகள் மேடையில் பாடி நடிப்பதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தெரியாமல் அங்கேயே சேர்ந்துவிடலாமா என்று ஏங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர்தான் பின்னாளில் அவ்வை சண்முகம் என்று பேர் பெற்ற தி.க.சண்முகம். சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை வசனம், பாட்டு எல்லாமாக ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததை 'எனது நாடக வாழ்க்கை'யில் சண்முகம் எழுதியிருக்கிறார். ஒரே ராத்திரி என்பதில்தான் எல்லோரும் வாய் பிளக்கிறார்கள். ஐயா அதை ஒப்பமாட்டார். "ராத்திரில எழுதுனது கை. பழனி தண்டபாணி சுவாமிகள்கிட்ட யாப்புப் படிச்சது, எமனாவும் சனீசுவரனாவும் வேசங்கட்டி ஆடினது, ஊரூராப் போயிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தது, அம்புட்டும் அதுக்கு முன்னாலயே நடந்துபோச்சு" என்பார். சுவாமிகள் 1922-ல் மறைந்தார். அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் மதுரைச் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கிறது.

சாவுக்கு எழுதுவது வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டேன். இரங்கற்பா கேட்டு ஆள் வந்தால் ஐயா திண்ணையில் உட்காரமாட்டார். மேசை வராது, பாய் வராது. வாசலில் வேப்பமரத்தடியில் தரையில் குத்தவைத்து, தொடையின் மேல் அட்டையை வைத்துக்கொள்வார். மடிப்பு கிடையாது, சுழி கிடையாது. வெற்றிலை கிடையாது. எழுதுவதற்கு முன் வந்தவரிடம் கேட்பார்: செத்தவருக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும், எந்தப் பிள்ளை மேல் பாசம், கோபம் வந்தால் என்ன சொல்லித் திட்டுவார். வந்தவர் முதலில் தயங்குவார், பிறகு அழுதுகொண்டே சொல்லச் சொல்ல நேரம் போகும். சில நாள் எங்கள் வீட்டு வாசலிலேயே ஒப்பாரி ஆகிவிடும். எனக்கு அந்தக் கேள்விகள் முக்கியமாகப் படுகின்றன. அச்சாபீஸ்களில் ஏற்கெனவே கோத்து வைத்த இரங்கல் வரிகள் அப்போதும் உண்டு, பேரை மட்டும் மாற்றினால் போதும். ஐயாவிடம் அது நடக்காது. எழுதி முடித்ததும் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். மங்கலத்துக்கு முன்குளியல், துக்கத்துக்குப் பின்குளியல்.

சரஸ்வதி பூசையன்று பேனா, அட்டை, மைப்புட்டி, எங்கள் நோட்டுப் புத்தகம் எல்லாம் பலகையில் ஏறிவிடும். அன்று ஓர் எழுத்துகூட எழுதக்கூடாது. அவசரமாக யாராவது வந்தால் ஐயா வாயால் பாடலைச் சொல்ல, வந்தவர் எழுதிக்கொள்வார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சொல்லச் சொல்ல மாணவர்கள் ஏட்டில் எழுதியதை உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார், அதைப் படித்தபோது எனக்கு எங்கள் வாசல்தான் தெரிந்தது. மறுநாள் விஜயதசமிக்கு வீட்டுச் சிறுபிள்ளைகள் பச்சரிசியில் விரலால் எழுதியபின் ஐயா புதுத்தாளில் முதல் வரி எழுதுவார். பெரிய வேலை என்றால் அதற்கும் முன்பே மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வருவார். முக்குறுணிப் பிள்ளையாருக்கு ஒரு தோப்புக்கரணம், பிறகு சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் சங்கத்தார் சன்னதி. சங்கப் புலவர்கள் நாற்பத்தொன்பது பேரும் இருக்கும் இடம். கூட்டம் அங்கே நிற்பதில்லை, கடந்து போய்விடும். ஐயா மட்டும் செருப்பில்லாத காலை ஒன்றோடொன்று சேர்த்து, வேலை கேட்டு வந்தவர் முதலாளி முன் நிற்பது போல நிற்பார்.

இந்தப் பழக்கம் ஐயாவுடையது மட்டுமல்ல. கூத்தனூர்ச் சரஸ்வதி கோயிலில் பேனாவும் நோட்டும் வைத்துக் கும்பிட இன்றும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள். காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்பர் அன்றன்று பாடிய கந்தபுராணப் பாடல்களை ராத்திரி முருகன் சன்னதியில் வைத்துப் பூட்டுவாராம், காலையில் திருத்தம் விழுந்திருக்குமாம். வெளிநாட்டுக்காரர்களும் இதில் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை. அழுகிய ஆப்பிள் வாசனை இல்லாமல் ஜெர்மன் கவிஞர் ஷில்லருக்கு எழுத ஓடாது என்று கதே சொன்னதாக எக்கர்மன் பதிந்திருக்கிறார். ஹெமிங்வே நின்றுகொண்டு எழுதினார். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கிற இடத்தில் அன்றைய வேலையை நிறுத்தினார். நம்மூரில் அசோகமித்திரன் வீட்டு நெரிசலிலிருந்து விலகித் தியாகராய நகர்ப் பூங்காவுக்குப் போய் எழுதியவர். இவற்றைப் பித்து என்றோ மூடநம்பிக்கை என்றோ ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கச்சியப்பர் பூட்டிவைத்த ராத்திரியும், ஐயா நடந்த கண்மாய்க் கரையும் எழுத்து வேலையின் பகுதிகளே. பூட்டிவைத்த பாட்டை மறுநாள் காலையில் புதுக்கண்ணோடு பார்க்கிறோம். அதற்கு மேல் என்ன திருத்தம் வேண்டும்?

நான் இப்போது கம்ப்யூட்டரில்தான் எழுதுகிறேன். ஆனாலும் கட்டுரை தொடங்கும் நாளில் மைப்பேனாவைக் கழுவி, ஒரு தாளின் ஓரத்தை மடித்து, சுழி போட்டு, முதல் பத்தியைக் கையால் எழுதுகிறேன். கையால் எழுதாத முதல் பத்தி எனக்கு நின்றதில்லை. விளாங்குடிக்குப் போகும்போது பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்க்கிறேன். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கியதும் டியூஷன், அங்கே உட்கார்ந்த நொடியிலிருந்து எழுத்து. ஒரு பையன் பென்சிலைச் சீவிச் சீவி அதன் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா வந்து பிடுங்கி, வேறு பென்சிலைக் கையில் திணித்துவிட்டுப் போனார். அவருக்கும் அவசரம், குறை சொல்ல மனமில்லை.

பெற்றோர்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு பிள்ளை எழுத உட்கார்ந்து பென்சிலைச் சீவினால், தாளைத் தடவினால், சன்னல் வழியே வெளியே பார்த்தால், பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். கட்டுரைப் போட்டி நடத்துகிறவர்கள் தலைப்பைக் கொடுத்தவுடன் மணி அடிக்காமல், பிள்ளைகளை ஒரு சுற்று நடந்து வரச் சொல்லுங்கள். அதன்பிறகு தாளைக் கொடுங்கள்.