கட்டாத பாணி

என் தங்கைக்கு முப்பத்தேழு வயதில்தான் கலியாணம் ஒப்பேறியது. 1990இல் ஊர்காவற்றுறையை விட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பிறகு வன்னி, முகாம், அண்ணாவைத் தேடிய அலைச்சல் என்று வருடங்கள் போய்விட்டன. இப்போது இலண்டனில் இருக்கிறாள். அங்கே அவளுடைய மூன்று கருக்களை உறையவைத்து வைத்திருக்கிறார்கள்.

"என்ன பிள்ளை, மீனை மாதிரிக் கருவையும் ஐசிலை போடுறதோ?" என்று அம்மா பதறினார்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. வீட்டுப் பெட்டியில் மெல்ல உறைந்த மீன், இளகும்போது தண்ணீர் விட்டுத் தொய்ந்துபோவதைக் கண்டிருப்பீர்கள். நீர் பளிங்குகளாக உறைந்து சதையின் கலங்களைக் கிழித்துவிடுகிறது. ஐந்து நாள் கருவிலும் பெரும்பங்கு நீர்தான்.

அம்மாவுக்குப் பனங்கட்டியை வைத்துத்தான் விளங்கப்படுத்தினேன். நல்ல கருப்பநீரைக் காய்ச்சிக் கிண்டினால் மணிமணியாகக் கட்டும். நூல் கட்டிய பானையில் பாணியை வாரக்கணக்கில் விட்டால் கற்கண்டு விளையும். புளித்துப்போனதோ எவ்வளவு காய்ச்சினாலும் கட்டாமல் இழுபட்டுக்கொண்டே கிடக்கும். புளிக்கையில் சீனி வேறு சீனிகளாக உடைகிறது. பலதும் கலந்தால் ஒழுங்காக அடுக்க முடியாது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுவது அதைத் தடுக்கத்தானே!

நாங்கள் வேண்டாமென்று ஒதுக்கும் அந்தக் கட்டாத பாணிதான் மருத்துவர்களுக்கு வேண்டியது. கருவிலுள்ள நீரில் ஒரு பகுதியை வெளியேற்றி, எதிலீன் கிளைக்கோல் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். சீனியும் சேரும். அளவு கூடினால் அதுவே நஞ்சு. பிறகு திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகைக்கு, சட்டென்று இறக்குவார்கள். அடுக்க நேரமில்லாத நீர் கண்ணாடிபோல் இறுகிவிடும். எடுக்கும்போதும் அதே வேகம் வேண்டும். மெல்ல இளக்கினால் இடைவழியில் பளிங்கு விழும்.

இம்முறை 1985இல் எலிக் கருவில் முதலில் சரிவந்தது. அதற்கு முன்பே, மெல்ல உறையவைக்கும் முறையில், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் ஒரு கருவை 53 நாள் வைத்திருந்தார். 1978 ஒக்டோபர் 3இல் பெண்குழந்தை பிறந்தது. அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. மனமுடைந்து 1981இல் இறந்துபோனார். மதிப்புக் கிடைத்தது பின்னர்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

இளக்கிய கருக்களில் பெரும்பாலானவை பிழைக்கும். கருப்பையில் தங்குவது வேறு விடயம். அதற்குப் பெண்ணின் வயதைப் பார்ப்பார்கள்: இன்றைய வயதையல்ல, முட்டை எடுத்த நாளில் இருந்த வயதை.