கம்பியில் தேய்ந்த இடம்

சின்னச் சுத்தியலால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே போகச் சொல்லியிருந்தார் பட்டறை அண்ணன். இரும்பு உயிரோடு இருக்கும் இடத்தில் 'ணங்' என்று கேட்கும். துரு தின்ற இடம் 'பொத்' என்று அமுங்கும். பொத்துக் கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு வட்டம். ஒரு மணி நேரத்தில் ஜீப்புக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"பாப்பா, சேஸ் நல்லா இருந்தா மேற்கொண்டு பேசுவோம். தகரத்தைப் பத்திக் கவலைப்படாத, தகரம் வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார்.

போடியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், புளிய மரத்தடியில், நாலு கல்லின் மேல் அது நின்றிருந்தது. அப்பா போன பிறகு யாரும் அதைக் கிளப்பவில்லை. 1967இல் வந்த மகிந்திரா, சிஜே3பி. முகப்பைப் பார்த்தாலே தெரியும். மற்ற ஜீப்புகளைவிட பானட் உயர்ந்திருக்கும். பழைய வில்லிஸ் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே இருந்தன. பிறகு வந்த ஹரிகேன் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வால்வுகளைத் தலைக்கு ஏற்றினார்கள். எஞ்சின் உயரமாகிவிட்டது. அதை மூடுவதற்காக 1953இல் அமெரிக்காவில் பானட்டை உயர்த்தினார்கள். அங்கே 1968இல் அந்த மாடலை நிறுத்திய பிறகும் இங்கே மகிந்திரா செய்துகொண்டே இருந்தது. அந்த உயர்ந்த நெற்றியை, மூடுபனிக்குள் போடிமெட்டு வளைவில் திரும்பி வரும்போது, கீழே நின்று பார்த்திருக்கிறேன். முதலில் விளக்கு தெரியும், பிறகு நெற்றி, பிறகு அப்பா.

விடியற்காலை நாலரைக்கு ஹாரன் இரண்டு முறை. தெருமுனையில் தூக்குச் சட்டியோடு பெண்கள் நிற்பார்கள். பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர்கள். 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, கேரள எல்லை தாண்டி, அதன் பிறகு தார் இல்லாத தோட்டத்துப் பாதை. பின்னால் உட்கார இடம் கொஞ்சம்தான். 16 பேர் போனார்கள். அப்படி ஏற்றியது சரியில்லை. அந்த மலைப் பாதையில் ஜீப் கவிழ்ந்த சேதி வந்த நாள்களில் அப்பா சாப்பிடாமல் படுத்திருக்கிறார். மறுநாளும் 16 பேரைத்தான் ஏற்றினார். ஜீப்பை விட்டால் அவர்களுக்குக் கூலி இல்லை, எங்களுக்கும் இல்லை. அம்மாவும் அந்தப் பதினாறில் ஒருத்தி.

அத்தனை பேரும் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கம்பி. கூரைச் சட்டத்தோடு சேர்த்து, பின்வாசல் வரைக்கும், தண்ணீர்க் குழாயை வளைத்து அப்பா வெல்டிங் வைத்தார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துரு எங்கே தொடங்குகிறது என்று படுத்துக்கிடந்து பார்த்தேன். தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே, தொப்பியைக் கவிழ்த்ததுபோல் சட்டங்கள் ஓடுகின்றன. சக்கரம் வாரியடித்த மலைச் சேறு அதற்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. சுரண்டினால் இன்னும் ஈர வாசனை. மேலே தகடு காய்ந்திருக்க, அடியில் மட்டும் ஆனி ஆடி மழை இத்தனை வருஷம் காயாமலே இருந்திருக்கிறது. கமான் பட்டைகளுக்கு நடுவிலும் அப்படித்தான். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் பட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று நெம்பி, வாய் பிளக்க வைத்திருக்கிறது.

துருப்பிடித்த தோசைக்கல்லைப் புளி போட்டுத் தேய்த்து, வடிகஞ்சியில் ஊறவைத்து மீட்டெடுத்த கைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். புளியில் இருக்கும் அமிலம் துருவைக் கரைக்கிறது. கடையில் விற்கும் துருமாற்றிகள் சிலவற்றில் இருப்பது டானிக் அமிலம். அது துருவோடு சேர்ந்து கறுப்பாக இறுகிக்கொள்ளும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சிய ஊர்தானே இது. ஒரு கதவுக் கீலைக் கழற்றி, கடுக்காய் ஊறிய நீரைத் தடவிப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் மை நிறம். ஜீப் முழுக்கக் கடுக்காய் தடவப் போவதில்லை. ஆனால் அந்தக் கீலை மட்டும் அப்படியே திரும்ப மாட்டுவேன்.

சேஸை அளக்கத் தரை சமமாக இருக்க வேண்டும். பின்கட்டில் சிமென்ட் பூசிய இடத்துக்கு வண்டியைத் தள்ளிவர ஆறு பேர் வந்தார்கள். கொத்தனாரின் தூக்குக் குண்டை ஒவ்வொரு கமான் தாங்கியிலிருந்தும் தொங்கவிட்டு, குண்டு தொட்ட இடத்தைத் தரையில் குறித்துக்கொண்டு, வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை நூல் பிடிக்க வேண்டும். இரண்டு மூலைக்கோடும் ஒத்துப்போனால் சேஸ் முறுக்கிக்கொள்ளவில்லை. எங்கள் வண்டியில் வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் கீழே. இத்தனை பாரம், இத்தனை வளைவு, இத்தனை குழி. அப்பா எவ்வளவு பார்த்து ஓட்டியிருக்கிறார் என்பதை அந்த நூலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் டீ வாங்கிவரப் போவதாகச் சொல்லி வெளியே போனார்.

முதல் கியருக்கு ஓட்டத்தில் விழ அடம். அப்பா கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஒரு சின்ன உறுமல் கொடுத்து, விரல் நுனியால் தள்ளுவார். பெரிய கியருக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள்: ஒன்று முன்சக்கரத்தைச் சேர்க்க, ஒன்று வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட. தோட்டத்து மேட்டில் இரண்டையும் போட்டுவிட்டுத் திரும்பாமலே சொல்வார்: "ஃபோர்வீல் போட்டாச்சு, எல்லாரும் பிடிச்சுக்கங்க." டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். அவர் சட்டையில் எப்போதும் பெட்ரோலும் ஏலக்காயும் கலந்த ஒரு மணம் இருந்தது.

பெட்ரோல் கட்டுப்படியாகாமல், ஒரு வருஷம் அந்த எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார். பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போட்டோம். டீசல் கனமானது, முன் கமான் தட்டையாகிப் போனது அதனால்தான். இங்கேதான் என் திட்டம் பல நாள் நின்றது.

50 வயது கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவதற்கு 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷப் பதிவு, எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள். ஆனால் வண்டி பிறந்த மேனிக்கு இருக்க வேண்டும். அன்றாடம் ஓட்டவும் கூடாது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் ஹரிகேன் எஞ்சின் கிடைத்துவிடும் என்று ஒருவர் ஆசை காட்டினார். நானும் ஆசைப்பட்டேன். டீசலை இறக்கி, கம்பியை அறுத்தெடுத்து, அப்பா பேரல் மூடியை வெட்டி ஒட்டிய தரையை மாற்றி, 1967க்குத் திரும்பிவிடலாம்.

பெயின்டைச் சுரண்டியபோது வட்டம் வட்டமாக நிறங்கள் வந்தன. மேலே வெள்ளை, அதற்குள் நீலம், அதற்குள் சாம்பல், ஆழத்தில் பச்சை. அந்தப் பச்சையில் எங்கள் வீட்டார் யாரும் ஏறியதில்லை. அப்பா இதை வாங்கியபோது சாம்பல். அம்மா ஏறியது நீலத்தில். யாரோ ஒரு முதல் முதலாளியின் ஜீப்பை நான் எதற்குச் செய்துவைக்க வேண்டும்? நீலம் என்று நோட்டில் எழுதினேன். டீசல் இருக்கட்டும், முன் கமானுக்குக் கூடுதலாக ஒரு பட்டை. பேரல் மூடியைத் துரு நீக்கி அதே இடத்தில் வைக்க வேண்டும். கம்பியைத் தொடக்கூடாது, பெயின்டும் அடிக்கக் கூடாது. பின்வாசல் பக்கம் அதில் ஒரு சாண் நீளம் கை பட்டுப் பட்டு வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. எல்லா இடமும் துருவேறியும் அந்த இடத்தில் மட்டும் துரு மேலாக, மெல்லிசாக இருந்தது. அம்மாவின் கை என்றே சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன்.

போன வாரம் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினேன். சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்தாள். நான் காட்டிய இடத்தில் இல்லை. உள்ளே, டிரைவர் சீட்டுக்குப் பின்னால்.

"என் இடம் இது ஆத்தா. நான் முதல்ல ஏறுறவ, எனக்கு உக்கார எடம் இருந்துச்சு. நீ காட்டுறது கடைசியா ஏறுறவ பிடிக்கிறது. அவ உள்ள வர முடியாது. மேல ஏறுற வரைக்கும் படியில நின்னுக்கிட்டேதான் வருவா."

அந்தப் படி இப்போது வண்டியில் இல்லை. ஒடிந்து விழுந்த இடத்தில் இரண்டு போல்ட் துளைகள் மட்டும் இருக்கின்றன. துளைக்குத் துளை அளந்தேன். அதன் அகலம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டேன். குனிந்து தரையைப் பார்த்து, தன் இரண்டு பாதங்களையும் ஒட்டிவைத்துக் காட்டினாள். சாக்பீஸை எடுத்து அதைச் சுற்றிக் கோடு போட்டேன்.