ஏழு பேருக்கு எந்த இன்ஜின்?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அவருக்கு வயது 62. வீட்டில் ஏழு பேர். அவர், மனைவி, 84 வயது அம்மா, மகன், மருமகள், இரண்டு பேரப் பிள்ளைகள். 2009-ல் வாங்கிய பழைய இன்னோவா இரண்டேகால் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அத்தனை தூரமும் ஓட்டியவர் அவர் ஒருவர்தான். டிரைவர் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால், "ஏன், என் கை கால் நல்லாத்தானே இருக்கு?" என்பார்.

வண்டியை மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தபோது, கையில் இருந்தது 16 லட்சம். புது வண்டிக்கு அது போதாது. பழைய இன்னோவா கிரிஸ்டா ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. தெரிந்தவர் மூலம் இரண்டு வண்டிகள் பார்வைக்கு வந்தன. இரண்டுமே 2018 மாடல், இரண்டுமே டீசல். ஒன்று 2.4 லிட்டர் இன்ஜின், கையால் கியர் போடுவது. விலை பதினாலரை லட்சம். இன்னொன்று 2.8 லிட்டர், ஆட்டோமேட்டிக். விலை பதினைந்தே முக்கால்.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவான். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் விவாதம் ஆரம்பித்தது.

"அப்பா, 2.8 எடுங்க. 174 பிஎஸ். ஏழு பேர் ஏறினா அந்த பவர் வேணும்."

"2.4-லயே 150 இருக்குடா. நம்ம பழைய வண்டி 102-தான். அதுலயே பழனி, திருச்செந்தூர்னு போகலையா? எதுக்கு வீண் செலவு?"

"பெரிய இன்ஜின்னா மலைல சும்மா இழுக்கும்பா."

"மைலேஜையும் சேர்த்து இழுக்கும்."

மனைவி மோர் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பழைய வண்டியை இத்தனை வருடம் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் விஷயத்தை நேராகச் சொன்னார்.

"அண்ணா, தம்பி சொல்ற பிஎஸ் எல்லாம் ஹைவேல வேகம் பிடிக்கறதுக்கு. ஆள் ஏத்திட்டு மலை ஏறும்போது இழுவைதான் முக்கியம். அதை என்எம்னு சொல்லுவாங்க. உங்க பழைய வண்டில அது 200. 2.4-ல 343. 2.8-ல 360. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 17-தான். ரெண்டுமே உங்க ஏழு பேரை அலுங்காம ஏத்திடும். டைமிங் பெல்ட் மாத்தற வேலையும் ரெண்டுலயும் கிடையாது, செயின்தான்."

"அப்ப 2.4 போதும்ங்கறே?"

"இன்ஜின் போதும்ண்ணா. ஆனா நீங்க இன்ஜினை மட்டும் வாங்க முடியாதே. அந்த வருஷத்து டீசல் கிரிஸ்டால 2.4-ன்னா கியர் வண்டிதான். ஆட்டோமேட்டிக் வேணும்னா 2.8-தான். அதுக்கப்புறம் 2020-ல பிஎஸ்-6 வந்தப்போ 2.8-ஐ நிறுத்திட்டு, 2.4-லயே ஆட்டோமேட்டிக் குடுத்தாங்க."

"அதையே பார்க்கலாமே?"

"பார்க்கலாம். ஆனா உங்க பட்ஜெட்டுக்கு மேல போகும். பிஎஸ்-6 டீசல்ல இன்னொண்ணும் இருக்கு. புகைக்கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் வெச்சிருக்காங்க. கோயிலுக்கும் கடைக்கும்னு ரெண்டு ரெண்டு கிலோமீட்டரே ஓட்டினா அது அடைச்சுக்கும். அப்பப்போ ஹைவேல நல்லா சூடாகற மாதிரி ஓட்டணும். உங்க வண்டி பாதி நாள் கடைக்குத்தானே போகுது?"

கிளம்பும்போது மெக்கானிக் ஒன்று சொன்னார். "காலி வண்டில ஓட்டிப் பார்த்தா எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்கும். வீட்ல இருக்கற எல்லாரையும் ஏத்திட்டு ஏற்காடு ஏறிப் பாருங்க. எந்த வண்டின்னு அதுவே சொல்லிடும்."

ஏற்காடு என்றதும் அவர் கொஞ்சம் தயங்கினார். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு காலத்தில் நினைத்தால் ஏறிவிட்டு வருவார். இரண்டு வருடங்களாகப் போகவில்லை. பேத்தி கேட்டால், "மழையா இருக்கு கண்ணு", "பனியா இருக்கு கண்ணு" என்று ஏதாவது காரணம் வரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை 2.4 வந்தது. ஏழு பேரும் ஏறினார்கள். பாட்டிக்கு நடு வரிசையில் ஜன்னலோரம். அடிவாரம் வரை வண்டி வெண்ணெய் மாதிரி போனது. "பார்த்தியா, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தார்.

ஏழாவது வளைவுக்கு முன்னால் மேலிருந்து ஒரு பஸ் இறங்கியது. வழி விட்டு நிறுத்தினார். பஸ் போனதும் முதல் கியர் போட்டு கிளட்சை விட்டார். இடது முழங்காலில் சுருக்கென்றது. கால் சட்டென்று எழும்பிவிட, இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி நின்றுபோனது. வண்டி பின்னால் உருண்டது. இரண்டு அடிகூட இருக்காது. பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்துவிட்டார். பின்னால் வந்த வண்டிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். பேரன் பயத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

யாரும் பேசவில்லை. மறுபடி ஸ்டார்ட் செய்து மேலே ஏற்றிவிட்டார். ஆனால் ஏரிக்கரையில் இறங்கியதும் சாவியை மகனிடம் கொடுத்து, "நீ இறக்கிடு" என்றார். அவர் சாவியைக் கொடுத்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

அன்று இரவு மனைவிதான் பேச்சை எடுத்தார். "ஏங்க, மாடிப்படி இறங்கும்போது இடது காலை முதல்ல வெக்கறீங்க. ஆறு மாசமா பார்க்கறேன். தைலம் பாட்டில் மாசம் ரெண்டு காலியாகுது. நீங்களும் பையனும் பிஎஸ்ஸு, மைலேஜுன்னு பேசிட்டிருக்கீங்க. முழங்காலைப் பத்தி யார் பேசறது?"

அவர் பதில் சொல்லவில்லை. கிளட்ச் இல்லாத வண்டி வாங்கினால், கால் முடியவில்லை என்று ஊருக்கே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று அவருக்கு நினைப்பு. உள்ளே படுத்திருந்த அம்மாவின் குரல் வந்தது. "சாமி, எனக்கு அம்பத்தஞ்சுலயே கண்ணாடி போட்டாங்க. அதுக்காக நான் குருடியா போயிட்டனா?"

ஒரு வாரம் கழித்து 2.8 வந்தது. அதே ஏழு பேர், அதே மலை. இந்த முறை இடது காலுக்கு வேலையே இல்லை. பத்தாவது வளைவில் ஒரு வேன் வழி மறித்தது. நின்றார். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டரில் வைத்தார். வண்டி பின்னால் உருளாமல், மெல்ல முன்னால் நகர்ந்தது. இருபதாவது வளைவு தாண்டியது பேத்தி எண்ணிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. பாட்டி பாதி வழியிலேயே தூங்கியிருந்தார்.

இறங்கும்போது கியரைக் குறைத்து வைத்து, இன்ஜின் பிடியிலேயே நிதானமாக இறக்கினார். அடிவாரம் வந்ததும் மருமகள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமா, இங்கிருந்து அஸ்தம்பட்டி வரைக்கும் நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?"

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. டிராபிக்கில் கிளட்ச் விடத் தெரியாமல் வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தில், எட்டு வருடமாக ஸ்கூட்டரோடு நின்றுவிட்டாள். அவர் இறங்கி அவளுக்கு இடம் கொடுத்தார். முதல் ஒரு கிலோமீட்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

அன்று மாலை கணக்கு நோட்டை எடுத்தார். வருடம் 12,000 கிலோமீட்டர். மெக்கானிக் சொன்னபடி 2.4 லிட்டருக்கு 12 கொடுத்தால் 1,000 லிட்டர். 2.8 பத்து கொடுத்தால் 1,200 லிட்டர். டீசல் 93 ரூபாய் என்று வைத்தால், வருடத்துக்கு 18,600 ரூபாய் கூடுதல். "மாசம் ஆயிரத்து அஞ்நூத்தம்பது. டிரைவர் சம்பளத்துல பத்துல ஒரு பங்குகூட இல்ல" என்று நோட்டை மூடினார். அந்தப் பணத்துக்கு வீட்டில் இரண்டு டிரைவர்கள் கிடைத்திருந்தார்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மெக்கானிக்கைக் கூட்டிப் போனார். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் போய் நின்றார்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே முயற்சியில் பிடித்தது. புகையில் நீலம் இல்லை. ஆயில் எரியவில்லை என்று அர்த்தம். சர்வீஸ் பில்களில் இருந்த கிலோமீட்டரையும் மீட்டரையும் ஒப்பிட்டார்கள். டாக்ஸியாக ஓடிய வண்டியா என்று ஆர்சியில் பார்த்தார்கள். கியர்பாக்ஸ் ஆயில் கருத்திருந்தது. அதை மாற்றும் செலவைச் சொல்லி, விலையில் 20,000 குறைத்தார் மெக்கானிக்.

சாவியைக் கையில் கொடுக்கும்போது மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். "அண்ணா, இடது காலை மடக்கிப் பின்னால வெச்சுக்கங்க. பழக்க தோஷத்துல கிளட்ச்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சீங்கன்னா, பின்னால வர்றவன் மேல வந்து இடிப்பான்."

முதல் வாரம் முழுக்க சிக்னல் வரும்போதெல்லாம் அந்தக் கால் கிளட்சைத் தேடி எழுந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "காலு" என்று ஒரே வார்த்தை சொல்வார். கால் திரும்பப் போய் மடங்கிக்கொள்ளும்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பேத்தி வழக்கம்போல் ஏற்காடு கேட்டாள். வெளியே நல்ல மழை. அவர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார்.

"மழை விடட்டும் கண்ணு. விட்டதும் போலாம்" என்றார்.

மூன்று மணிக்கு மழை விட்டது. மூன்றேகாலுக்கு வண்டி கிளம்பியது.