அளந்து வைப்போம்

கதிர்வீச்சு என்றாலே நம் நெல்லைக்காரர்களுக்குக் கூடங்குளம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அணு உலை வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்தத் தென்கரையில் கதிர்வீச்சு உண்டு. பக்கத்து மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, அதற்குள் தோரியம். 1909-இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து அந்த மோனசைட்டைக் கண்டுபிடித்தார்.

அந்த மணலருகே கைகர் கருவியைக் கொண்டுபோனால் 'டிக் டிக்' சத்தம் சட்டென்று வேகமெடுக்கும். குழாய்க்குள் அடைத்த வாயுவைக் கதிர் அயனியாக்கும்போது எழும் மின்துடிப்புதான் அந்த ஒவ்வொரு 'டிக்'கும். 1928-இல் கைகரும் முல்லரும் உருவாக்கிய குழாய்தான் இதற்கு அடிப்படை.

அணுமின் நிலைய ஊழியர்கள் அணியும் டிஎல்டி பட்டை வேறு விதம். உடல் வாங்கும் கதிர்வீச்சின் தடத்தை அதிலுள்ள படிகம் சேமித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் ஒளிரும். அந்த ஒளியை அளந்து கணக்கிடுவார்கள்.

கூடங்குளத்தைச் சுற்றிய மண், நீர், மீன் ஆகியவற்றைச் சோதிக்கத் தனி ஆய்வகமே இருக்கிறது. எனக்கு அது மட்டும் போதாது. பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்களும் தாமிரபரணிக் கரையிலும் உவரியிலும் அளந்து, இன்றைய இயல்பு அளவைக் குறித்துவைக்க வேண்டும். இயல்பு தெரிந்தால்தானே மாற்றம் தெரியும்? இயற்பியல் ஆசிரிய நண்பர்கள் யாராவது முன்வந்தால், நானும் கூட வருகிறேன்.